ரஸ்கோல்னிகோவின் ஒப்புதல்



துப்பறியும் கதை ஒன்றைப் படிக்கும்போது நம் உள்ளத்தில் எழும் வினா ஒன்றே. கொலை செய்தவன் யார் என்பதே அது. கதையின் இறுதியில் விடை கிடைக்கும். கிடைத்தவுடன் நூலை மூடி வைத்துவிடுவோம். ருஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி இயற்றிய 'குற்றமும் தண்டனையும்' என்னும் நாவலிலோ, கொலைகாரன் இன்னான் என்பது முதற் பாகத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகின்றது. கோடரியை அவன் எங்கிருந்து எடுத்தான், அதனை மேலங்கிக்குள் எவ்வாறு மறைத்தான், தன் வீட்டிலிருந்து கொலை நிகழ்ந்த வீட்டுக்கு எத்தனை அடி நடந்தான் என்பனவும் தெரிந்துவிடுகின்றன. 730 அடி, அவன் முன்னரே எண்ணி வைத்திருந்தான். கொலை முதற் பாகத்தோடு முடிகின்றது. அதற்குப் பின் ஐந்து பாகங்களும் ஒரு முடிவுரையும் உள்ளன. அவ்வளவு நீண்ட பகுதியில் ஆசிரியர் எதைத்தான் ஆராய்கின்றார்?

அவன் ஏன் ஒப்புக்கொண்டான் என்பதையே ஆராய்கின்றார். இந்நாவலை இலக்கிய நயம் பாராட்டும் வகையில் உங்கள் ஆசிரியர்கள் எடுத்துக்கூறக்கூடும். நான் வரலாறு கற்பித்தவன். ஆதலின் அதனை வரலாற்றின் பக்கத்திலிருந்து பார்க்க விரும்புகின்றேன். நாவல் வெளிவந்த 1866-ஆம் ஆண்டில், ருஷ்ய நாடு தன் நீதிமன்றங்களையே புதிதாக மாற்றியமைத்துக்கொண்டிருந்தது. குற்றவாளியின் ஒப்புதலுக்கு நீதியில் என்ன இடம் என்னும் வினா அப்போது சட்ட வல்லுநர்களை மட்டுமன்றிப் படித்தவர் அனைவரையும் ஆட்கொண்டிருந்தது. அவ்வினாவுக்கு ஒரு நாவலாசிரியர் தந்த விடையே இந்நூல் என்பது என் கருத்து.

கதையை மிகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். ரோடியோன் ரஸ்கோல்னிகோவ் 23 வயது இளைஞன். சட்டம் பயின்று, கட்டணம் செலுத்த இயலாமையால் பல்கலைக்கழகத்தை விட்டு நின்றவன். பீட்டர்ஸ்பர்க் நகரின் வைக்கோற்சந்தைக்கு அருகில், உயர்ந்த கட்டடம் ஒன்றின் கூரைக்கு அடியிலுள்ள மிகச் சிறிய அறையில் வாழ்கின்றான். தாய் வெளியூரில் இருக்கின்றாள். அவளுக்கு ஆண்டு ஒன்றுக்கு 120 ரூபிள் ஓய்வூதியம். தங்கை, அண்ணனுக்கு உதவும் பொருட்டு, மனத்துக்கு ஒவ்வாத ஒருவனை மணக்க இசைந்திருக்கின்றாள். இந்நிலையில் அவன், அடகு பிடித்து வட்டி வாங்கும் கிழவி ஒருத்தியைக் கொன்று அவள் பொருளைக் கவர்கின்றான். அச்சமயம் எதிர்பாராமல் உள்ளே வந்துவிட்ட கிழவியின் தங்கை லிஸாவெத்தாவையும் கொல்கின்றான். இவள் ஒருவருக்கும் தீங்கு நினையாதவள்.

வறுமை மட்டுமே அவனைக் கொலைக்குத் தூண்டியது என்று கருதினால் நூலைப் பிழையாகப் படித்தவராவோம். அவனிடம் ஒரு கொள்கை இருந்தது. மனிதர் இருவகையினர், பெரும்பாலோர் சட்டத்துக்குக் கீழ்ப்படியப் பிறந்தவர், மிகச் சிலரோ புதுச் சட்டம் படைக்கப் பிறந்தவர், அச்சிலர், வேண்டுமாயின், இரத்தத்தைக் கடந்தும் செல்லலாம் என்று அவன் ஒரு கட்டுரையே எழுதியிருந்தான். நெப்போலியன் போன்றோரை அவன் எடுத்துக்காட்டாகக் கொண்டான். இது ஓர் இளைஞனின் பித்து மட்டுமன்று. அக்காலத்துக் காற்றில் கலந்திருந்த எண்ணமே. பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் எழுதிய ஜூலியஸ் சீசரின் வரலாற்றின் முதற் பகுதி 1865-இல் வெளிவந்தது. மாபெரும் மனிதரைச் சாதாரண அளவுகோலால் அளக்கலாகாது என்னும் கருத்து அதன் முன்னுரையில் இருந்தது. ருஷ்ய இதழ்கள் அதைப் பற்றி விவாதித்தன. அரியணையில் இருந்தவர் எழுதியதையே கூரையடி அறையில் பசித்துக் கிடந்தவனும் எண்ணினான் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

'குற்றம்' என்பதற்கு ருஷ்ய மொழியில் வழங்கும் சொல்லின் வேர்ப்பொருள் 'கடந்து செல்லுதல்', அதாவது எல்லைக் கோட்டைத் தாண்டி அடியெடுத்து வைத்தல். நம் தமிழ்ச் சொல்லில் இப்பொருள் இல்லை. ரஸ்கோல்னிகோவ் கடக்க எண்ணியது இந்தக் கோட்டைத்தான். கடந்தபின் என்ன நேர்ந்தது என்பதைக் காண்பதற்கு முன், அந்நாட்டு நீதிமுறையைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

1864-க்கு முன்னர் ருஷ்யாவில் குற்ற வழக்குகள் மூடிய கதவுகளுக்குள், பெரிதும் எழுத்து மூலமாகவே நடைபெற்றன. பொதுமக்கள் கேட்க இயலாது. குற்றம் சாட்டப்பட்டவனுக்காக வாதாட வக்கீல் இல்லை. தீர்ப்பளிப்போர் கட்டுக் கட்டான தாள்களையே பார்த்தனர். ஆளைப் பார்ப்பது அரிது. சாட்சியங்களின் மதிப்பையும் சட்டமே முன்கூட்டி நிறுத்து வைத்திருந்தது. இரு சாட்சிகள் முரண்பட்டால் பெண்ணின் சொல்லைவிட ஆணின் சொல்லுக்கும், எளியவன் சொல்லைவிடப் பிரபுவின் சொல்லுக்கும் எடை மிகுதி. முழுச் சான்று, அரைச் சான்று என்றெல்லாம் கணக்கு உண்டு. சான்று நிறைவாகக் கிடையாதபோது, குற்றவாளி என்றும் கூறாமல், குற்றமற்றவன் என்றும் கூறாமல், ஒருவனை 'ஐயத்துக்கு உரியவன்' என்று நிறுத்தி வைப்பதும் உண்டு; அவன் தன் எஞ்சிய வாழ்நாளை அந்நிழலிலேயே கழிக்க வேண்டும்.

இவ்வனைத்துச் சான்றுகளுக்கும் மேலாகக் கருதப்பட்டது குற்றவாளியின் ஒப்புதல். முதலாம் நிக்கலஸ் மன்னர் காலத்தில் தொகுக்கப்பெற்ற சட்டத் தொகுதி, சான்றுகளில் தலையாயது அதுவே என்று வரையறுத்திருந்தது. சித்திரவதையை முதலாம் அலெக்சாந்தர் 1801-இலேயே தடைசெய்திருந்தார். ஆயினும் ஒப்புதலே தலையாய சான்று என்று சட்டம் கூறும்வரையில், அதைப் பெறத் துடிக்கும் கைகள் எளிதில் ஓய்வதில்லை.

1855-இல் அரியணை ஏறிய இரண்டாம் அலெக்சாந்தர் காலத்தில் மாறுதல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1860-இல் குற்ற விசாரணை போலீசாரிடமிருந்து பிரிக்கப்பட்டுத் தனி விசாரணை அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1861-இல் பண்ணையடிமைகள் விடுதலை பெற்றனர். 1864 நவம்பர் 20 அன்று புதிய நீதித்துறைச் சட்டங்கள் பிறந்தன. திறந்த நீதிமன்றம், வாய்மொழி விசாரணை, வக்கீல்கள், எளிதில் நீக்கவொண்ணா நீதிபதிகள், ஜூரர்கள் ஆகிய அனைத்தையும் அவை கொணர்ந்தன. எடைபோட்டு வைத்த சான்றுகளின் கணக்கு ஒழிந்தது. சான்றுகளைக் கேட்டு உள்ளத்தில் உண்டாகும் துணிபின்படியே இனித் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்றாயிற்று. பீட்டர்ஸ்பர்க் நகரில் புதிய நீதிமன்றம் 1866 ஏப்ரல் 17 அன்று திறக்கப்பட்டது. (நான் கூறும் நாட்கள் அக்கால ருஷ்ய நாட்காட்டியின்படி, அது நம்முடையதைவிட அந்நூற்றாண்டில் 12 நாள் பின்தங்கியிருந்தது.) 'ருஷ்யத் தூதன்' என்னும் பொருள்படும் பெயருடைய திங்களிதழில் அவ்வாண்டு ஜனவரி முதலே நாவல் தொடராக வெளிவந்துகொண்டிருந்தது. புதிய நீதிமன்றத்தின் கதவு திறந்த நாளில் ரஸ்கோல்னிகோவ் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. வாசகர்கள் அடுத்த இதழுக்குக் காத்திருந்தனர்.

தஸ்தயேவ்ஸ்கிக்குப் பழைய நீதிமுறை செவிவழிச் செய்தியன்று. அவர் 1821-இல் மாஸ்கோவில், ஏழைகளுக்கான மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய மருத்துவரின் மகனாகப் பிறந்தவர். 1849 ஏப்ரலில், பெத்ராஷெவ்ஸ்கி என்பாரின் வீட்டில் கூடி அரசியலும் சமுதாயமும் பேசிய இளைஞர் குழுவுடன் கைது செய்யப்பட்டார். திறனாய்வாளர் பெலின்ஸ்கி எழுதிய, அரசு தடைசெய்த கடிதம் ஒன்றைக் கூட்டத்தில் படித்தார் என்பது அவர்மீது சாட்டப்பட்ட முதன்மையான குற்றம். எட்டுத் திங்கள் கோட்டைச் சிறையில் விசாரணை. டிசம்பர் 22 அன்று அவர்களைப் படைப் பயிற்சித் திடலுக்குக் கொணர்ந்து மரண தண்டனையைப் படித்தனர். முதல் மூவரைக் கம்பங்களில் கட்டினர். தஸ்தயேவ்ஸ்கி அடுத்த மூவருள் ஒருவர். சுடுவதற்கு முன் முரசு ஒலித்தது. மன்னர் உயிர்ப்பிச்சை அளித்ததாக அறிவிக்கப்பட்டது. அனைத்தும் முன்கூட்டியே திட்டமிடப்பட்ட நாடகம்! பின்னர் சைபீரியாவில் ஓம்ஸ்க் கோட்டையில் கால்விலங்குடன் நான்கு ஆண்டு. அதன்பின் படைவீரராகப் பல ஆண்டு. 1859-இன் இறுதியில்தான் அவர் பீட்டர்ஸ்பர்க் திரும்பினார்.

ஓம்ஸ்க் சிறையில் அவர் கொலைகாரர்களுடன் உண்டார்; ஒரே பலகையில் உறங்கினார். அவ்வனுபவத்தை 'மரண வீட்டின் குறிப்புகள்' என்னும் நூலில் எழுதினார். அவர் அங்குக் கண்ட ஒன்று நம்மைத் திடுக்கிடச் செய்வது. உடனிருந்தவர்களிடம் வருத்தத்தின் அடையாளத்தை அவர் ஏறக்குறைய காணவேயில்லை. விலங்கு இருந்தது, கசையடி இருந்தது, சட்டம் கொடுக்கக்கூடிய எல்லாம் இருந்தன, கழிவிரக்கம் மட்டும் இல்லை. தண்டனை ஒன்று, குற்றத்தை உணர்தல் வேறொன்று என்னும் அறிவை அவர் இச்சிறையிலிருந்துதான் கொணர்ந்தார். நாவலின் தலைப்பில் குற்றத்துக்கும் தண்டனைக்கும் இடையே நிற்கும் 'உம்' என்னும் சிற்றிடைச்சொல் எத்தனை பெரிய இடைவெளியை இணைக்க முயல்கின்றது என்பதை இப்போது நீங்கள் உணரலாம்.

1865-ஆம் ஆண்டுக் கோடையில், ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் சூதாடிப் பணமனைத்தையும் இழந்து, விடுதியில் சாப்பாடும் மறுக்கப்பட்ட நிலையில் அவர் இக்கதையைத் தொடங்கினார். இதழாசிரியர் கத்கோவுக்கு அவர் செப்டம்பரில் வரைந்த கடிதத்தில் கதைக்கருவை விளக்கினார். சட்டம் விதிக்கும் தண்டனை, சட்டம் இயற்றுவோர் எண்ணுமளவுக்குக் குற்றவாளியை அச்சுறுத்துவதில்லை. ஏனெனில் அவனே உள்ளத்தளவில் அத்தண்டனையை வேண்டுகின்றான் என்பது அதன் சாரம். முதலில் கொலைகாரன் தானே தன் கதையைக் கூறும் வாக்குமூல வடிவில்தான் எழுதினார். நவம்பரில், எழுதியவற்றுள் பெரும்பகுதியைத் தீயிலிட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். ஏன் அவ்வாறு செய்தார்? எழுத்துக் கலை சார்ந்த காரணங்கள் பல இருக்கலாம். எனக்குத் தோன்றுவது இது: தொடக்கத்திலேயே வாக்குமூலம் கொடுக்க முன்வந்துவிட்டவன் ஏற்கெனவே பாதி திருந்தியவன். தஸ்தயேவ்ஸ்கி காட்ட விரும்பியதோ வாய் திறக்க மறுப்பவனை.

அந்த மறுப்பைத்தான் ஐந்து பாகங்கள் வரைகின்றன. கொலைக்கு மறுநாள் போலீஸ் நிலையத்திலிருந்து அழைப்பு வருகின்றது. கொலையைப் பற்றியன்று, வீட்டுக்காரிக்குத் தரவேண்டிய கடனைப் பற்றி. அங்கு அதிகாரிகள் கொலையைக் குறித்துத் தமக்குள் பேசுவதைக் கேட்டதும் மயங்கி விழுகின்றான். கவர்ந்த பொருளை ஒரு முற்றத்தில் பெரிய கல்லுக்கு அடியில் புதைக்கின்றான். பையில் எவ்வளவு இருந்தது என்று திறந்துகூடப் பார்க்கவில்லை. பின்னர் தெரியவந்த தொகை 317 ரூபிள் 60 கோபெக். கிழவியின் பெட்டக அறையிலிருந்த 1,500 ரூபிளை அவன் காணவேயில்லை. மனித குலத்துக்கு நன்மை செய்யப்போவதாகக் கூறிக்கொண்டவன், அந்த நன்மைக்குரிய முதலை எண்ணிப் பார்க்கவும் அஞ்சினான்! இது நூலில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம். குற்ற உணர்ச்சி, 'நான் தவறு செய்தேன்' என்னும் சொல்லாக முதலில் வருவதில்லை. காய்ச்சலாக, மறதியாக, எண்ணாத பணமாக வருகின்றது. தாயையும் தங்கையையும் கண்டபோது அவர்களைத் தழுவ அவன் கைகள் எழவில்லை. தன்னை மனிதர் அனைவரிடமிருந்தும் கத்தரியால் வெட்டியெடுத்ததுபோன்ற தனிமையே அவனுடைய முதல் தண்டனை. எந்த நீதிபதியும் அதனை விதிக்கவில்லை.

அவன் பெயரிலும் இப்பிளவு உண்டு. ருஷ்யத் திருச்சபை 17-ஆம் நூற்றாண்டில் சடங்குச் சீர்திருத்தத்தை ஒட்டிப் பிளவுபட்டது. பழைய முறையைக் கைவிடாமல் பிரிந்து சென்றோரைக் குறிக்கும் சொல்லிலிருந்தே 'ரஸ்கோல்னிகோவ்' என்னும் பெயர் வந்தது.

இனி விசாரணை அதிகாரி போர்ஃபிரி பெத்ரோவிச்சிடம் வருவோம். அவர் பழைய முறைக்கும் புதிய முறைக்கும் இடைப்பட்டவர். சீர்திருத்தம் வருகிறது, எங்களுக்குப் பெயராவது மாறும் என்று அவர் சிரித்துக்கொண்டே கூறும் இடம் ஒன்றுண்டு. அக்கால வாசகர் அதைப் படித்து நகைத்திருப்பர். அவரிடம் பொருட்சான்று எதுவுமில்லை. பழைய முறைப்படி அவனைக் கைதுசெய்து, அச்சுறுத்தி ஒப்புதல் பெறலாம். அவர் அவ்வாறு செய்வதில்லை. விளக்கைச் சுற்றும் விட்டிற்பூச்சியைப்போல் அவன் தாமே வருவான் என்று விட்டுவைக்கின்றார். அவர் நல்லவர்தாமா என்று மாணவர்கள் என்னைக் கேட்டதுண்டு. முழுதும் நல்லவர் என்று என்னால் கூற இயலாது; எலியுடன் விளையாடும் பூனையின் இன்பம் அவரிடம் இருக்கின்றது. ஆயினும் இறுதியில் அவன் அறைக்கே சென்று, கொலைசெய்தவன் நீயே என்று நேருக்கு நேர் கூறி, நீயே சென்று ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்று எடுத்துரைத்து, அவகாசமும் கொடுத்துச் செல்கின்றார்.

இதற்கிடையே எதிர்பாராத ஒன்று நிகழ்கின்றது. மிக்கோல்க்கா என்னும் வண்ணம் பூசும் தொழிலாளி, கொலை செய்தவன் நானே என்று முழங்காலிட்டுக் கூறுகின்றான். அவன் கொலை செய்யவில்லை. கொலையாளி தவறவிட்ட காதணிப் பெட்டி அவன் கையில் கிடைத்தது, அதை அடகு வைத்தான், பிடிபட்டான். பிரிவினைச் சமயத்தாரின் மரபில் வந்த அந்த எளியவனுக்குத் துன்பத்தை ஏற்பது தன் பாவங்களுக்குக் கழுவாய் என்று தோன்றிவிட்டது. பழைய சட்டத்தின்படி பார்த்தால் இதுவே தலையாய சான்று. வழக்கு அங்கேயே முடிந்திருக்க வேண்டும். பொய்யான ஒப்புதலைத் தந்தவனும், உண்மையை ஒப்பாதவனும் ஒரே அறையில் எதிரெதிரே நிற்கும்படி ஆசிரியர் அமைத்தார். ஒப்புதலைச் சான்றுகளின் அரசியாகக் கொண்ட நீதிமுறைக்கு இதைவிடக் கடுமையான மறுப்பை எந்தச் சட்ட வல்லுநரும் எழுதியிருக்க முடியாது.

இப்பகுதியை நான் படிக்கும்போதெல்லாம் நூலைச் சற்று மூடி வைத்துவிடுவேன். அதன் காரணத்தை உங்களிடம் கூறலாம் என எண்ணுகின்றேன். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன், நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், என் வகுப்பில் தேர்வுக் கட்டணமாகத் திரட்டி வைத்திருந்த பணத்தில் ஐம்பது ரூபாய் காணாமற் போயிற்று. மேசை அருகில் கடைசியாக நின்றவன் என்று ஒரு மாணவனைப் பிறர் கூறினர். நான் அவனை அடிக்கவில்லை. அடிக்காததைப் பெருமையாகவும் எண்ணிக்கொண்டேன். பிற்பகல் முழுதும் அறைக்கு வெளியே நிற்கவைத்து, இடைவேளைதோறும் சென்று, உண்மையைச் சொல், உண்மையைச் சொல் என்று மென்மையாகவே கேட்டேன். மணியடிக்கும் வேளையில் அவன் ஒப்புக்கொண்டான். மறுநாள் அவன் தந்தை வந்து, ஒன்றும் பேசாமல் ஐம்பது ரூபாயை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மூன்று திங்கள் கழித்து, அதே வகுப்பில் நன்றாகப் படிக்கும் வேறொருவன் அழுதுகொண்டே வந்து, எடுத்தவன் நான்தான் என்றான். அவனை எவரும் கேட்கவில்லை. முதல் மாணவனிடம் சென்று, ஏனப்பா ஒப்புக்கொண்டாய் என்றேன். "நீங்கள் அதைத்தானே ஐயா கேட்டீர்கள்?" என்றான். பணத்தைத் தந்தையிடம் திருப்பிக் கொடுத்தேன். வகுப்பின் முன் என் பிழையைக் கூறினேனா என்று நீங்கள் கேட்கலாம். கூறவில்லை. வகுப்பில் ஆசிரியருக்குள்ள மதிப்புக் குறையும் என்று எனக்கு நானே ஒரு கொள்கை வகுத்துக்கொண்டேன்.

ரஸ்கோல்னிகோவிடம் மீள்வோம். அவன் முதலில் உண்மையைக் கூறியது போர்ஃபிரியிடமன்று, சோனியாவிடம். குடிகாரத் தந்தையின் பட்டினிக் குடும்பத்தைக் காக்கத் தன்னையே விற்க நேர்ந்த ஏழைப் பெண் அவள். அவளும் ஒரு வகையில் கோட்டைக் கடந்தவள். ஆனால் பிறரைப் பலியிட்டன்று. இறந்த லாசரஸ் உயிர்த்தெழுந்த பகுதியை விவிலியத்திலிருந்து அவள் அவனுக்குப் படித்துக் காட்டுகின்றாள். அந்நூலை அவளுக்குக் கொடுத்தவள் யார் தெரியுமா? கொலையுண்ட லிஸாவெத்தா! தஸ்தயேவ்ஸ்கி சைபீரியாவுக்குச் செல்லும் வழியில், 1850-இன் தொடக்கத்தில், தபோல்ஸ்க் நகரில் முன்னாள் அரசியல் கைதிகளின் மனைவியர் அவருக்குப் புதிய ஏற்பாடு ஒன்றைக் கொடுத்திருந்தனர். அதனை அவர் சிறையில் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். தம் வாழ்வில் அன்பின் அடையாளமாக வந்த நூலை, நாவலில் கொலையுண்டவளின் கையிலிருந்து கொலைகாரனின் காதுக்கு வரச் செய்தார்.

நாற்சந்திக்குப் போ, மண்ணை முத்தமிடு, எல்லார் முன்னிலையிலும் குற்றத்தைச் சொல் என்று சோனியா கூறுகின்றாள். கருத்தூன்றிப் பாருங்கள். அவள் அவனை முதலில் போலீசாரிடம் அனுப்பவில்லை. மண்ணிடமும் மக்களிடமும் அனுப்புகின்றாள். பழைய நீதிமன்றம் மூடிய அறையில் தாளில் எழுதி வாங்கிய ஒப்புதலை, அவள் திறந்த வெளிக்குக் கொண்டுவருகின்றாள். அவன் வைக்கோற்சந்தையில் மண்டியிட்டு மண்ணை முத்தமிடுகின்றான். சுற்றி நிற்போர் குடிகாரன் என்று எள்ளி நகையாடுகின்றனர். வாய்வரை வந்த சொல் நின்றுவிடுகின்றது. போலீஸ் நிலையத்திலும் முதன்முறை சொல்லாமலே திரும்பிவிடுகின்றான். வெளியே வெளுத்த முகத்துடன் நிற்கும் சோனியாவைக் கண்டபின்னரே மீண்டும் உள்ளே சென்று கூறுகின்றான்.

இங்கு நாவல் முடிந்திருந்தால் எளிய நீதிக்கதையாகியிருக்கும். தஸ்தயேவ்ஸ்கி தாம் சிறையில் கண்டதை மறைக்க விரும்பவில்லை. தானாக முன்வந்து ஒப்புக்கொண்டமை, கவர்ந்த பணத்தைத் தொடாமை, முன்னொரு முறை தீப்பற்றிய வீட்டிலிருந்து இரு குழந்தைகளைக் காத்தமை முதலியவற்றைக் கருதி நீதிமன்றம் அவனுக்கு எட்டு ஆண்டுக் கடுங்காவல் மட்டுமே விதிக்கின்றது. அன்றைய ருஷ்யாவில் சாதாரணக் கொலைக் குற்றத்துக்குத் தூக்குத் தண்டனை இல்லை என்பதையும் நினைவிற்கொள்க. சைபீரியாவில் அவன் வருந்தினானா? இல்லை! தான் செய்தது தவறு என்று அவன் கருதவில்லை. தாங்கிக்கொள்ள வலிமையின்றிப் போயிற்றே என்பதே அவன் வெட்கம். உடனிருந்த கைதிகள் அவனை வெறுக்கின்றனர். ஒருநாள் கொல்லவும் பாய்கின்றனர். பின்னர் நோயுற்றுக் கிடக்கையில் ஒரு கனவு காண்கின்றான். கண்ணுக்குப் புலப்படாத கிருமிகள் உலகெங்கும் பரவுகின்றன. அவை பற்றிய ஒவ்வொருவனும் உண்மை தன்னிடம் மட்டுமே உள்ளது என்று உறுதியாக நம்புகின்றான். நன்மை எது, தீமை எது என்று இருவர் ஒத்துக்கொள்ள இயலாமல் மக்கள் ஒருவரையொருவர் கொன்று அழிகின்றனர். அவனுடைய கட்டுரைதான் அக்கனவு. அதை வாதத்தால் எவரும் மறுக்கவில்லை. உலகளாவப் பெருக்கிக் காட்டியவுடன் அது தன்னைத்தானே மறுத்துக்கொண்டது. அதன்பின்னரே, ஆற்றங்கரையில் ஒரு காலைப் பொழுதில், அவன் சோனியாவின் காலடியில் விழுந்து அழுகின்றான்.

இம்முடிவுரை ஒட்டவைத்ததுபோல் இருக்கின்றது என்று குறைகூறும் திறனாய்வாளர் உண்டு. மாற்றம் விரைவில் நிகழ்ந்துவிட்டது என்பது உண்மையே. ஆனால் ஒப்புதலுக்கும் மனமாற்றத்துக்கும் இடையே ஓராண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி விட்ட ஆசிரியரின் நேர்மையை நான் மதிக்கின்றேன்.

நாவல் அச்சேறத் தொடங்கிய அதே ஜனவரியில், மாஸ்கோவில் தானிலோவ் என்னும் மாணவன், வட்டிக்குக் கொடுத்துவந்த ஒருவரையும் அவர் பணிப்பெண்ணையும் கொன்றான். கதையின் முதற்பகுதி அதற்கு முன்னரே இதழ் அலுவலகத்தை அடைந்திருந்தது. இச்செய்தியை நாவலின் பெருமைக்குச் சான்றாகப் பலர் கூறுவர். எனக்கு அதில் பெருமிதம் தோன்றவில்லை. ஒரு தலைமுறையின் நோயை மருத்துவர் சரியாகக் கணித்தார் என்ற துயரமே தோன்றுகின்றது.

புதிய நீதிமன்றங்களைப் பற்றித் தஸ்தயேவ்ஸ்கி பின்னர் என்ன கருதினார்? 1873-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், குற்றத்துக்குச் சூழ்நிலையே காரணம் என்று கூறி ஜூரர்கள் எல்லாரையும் விடுவித்துவிடுவதை அவர் கடிந்துரைத்தார். குற்றமே இல்லை என்று ஒருவனிடம் சொல்வது அவனிடமிருந்து மனிதத்தன்மையையே பறிப்பதாகும் என்று அஞ்சினார். இதைப் படித்து அவரைக் கடுநெஞ்சர் என்று எண்ணிவிடாதீர்கள். 1876-இல் பீட்டர்ஸ்பர்க்கில் கர்னீலவா என்னும் இளம்பெண், கருவுற்றிருந்த நிலையில், கணவன்மீது கொண்ட சினத்தால், ஆறு வயதுச் சிறுமியாகிய மாற்றாள் மகளை நான்காம் மாடிச் சன்னலிலிருந்து கீழே தள்ளிவிட்டாள். வியக்கத்தக்க வகையில் குழந்தை உயிர் பிழைத்தது. அவள் நேரே போலீஸ் நிலையம் சென்று, செய்ததைத் தானே கூறினாள். கடுங்காவலும் சைபீரியாவும் விதிக்கப்பட்டன.

கருவுற்ற காலத்தின் மனத்திரிபு அவளை ஆட்டுவித்திருக்கலாம் அன்றோ என்று தஸ்தயேவ்ஸ்கி தம் இதழில் எழுதினார். சிறைக்குச் சென்று அவளைக் கண்டார், ஒருமுறையன்று, பலமுறை. கேட்டவற்றை மீண்டும் எழுதினார். தீர்ப்பு நீக்கப்பட்டு வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வந்தது. 1877 ஏப்ரலில், புதிய சட்டம் அமைத்த அதே ஜூரர் மன்றத்தில், அவள் விடுதலை செய்யப்பட்டாள். தீர்ப்பைக் கேட்க நிரம்பியிருந்த கூட்டத்தில் தஸ்தயேவ்ஸ்கியும் இருந்தார்.